பதின்மூன்று முதல் பதினேழு வரை என்ன படித்தீர்கள்?

கீழவாசல் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மதுரை. காலேஜில் கணக்கு, முதல் வருஷம். வீட்டில் புத்தகத்தைப் பற்றி வாயைத் திறந்தால் "இன்டர்னல் மார்க் வந்துடுச்சா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால் எனக்குப் பிடித்ததையெல்லாம் இங்கே கொட்டப்போகிறேன். நீளமாகத்தான் இருக்கும், திட்டாதீர்கள்.

முதலிடம் டோட்டோ-சான் என்ற ஜப்பானியச் சிறுமியின் கதைக்கு. அதில் யாரும் கைவைக்க முடியாது. மேசை மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள், ஜன்னலில் நின்றுகொண்டு தெருவில் போகிற வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிறாள் என்று ஒன்றாம் வகுப்பிலேயே அவளைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். அம்மா அவளைத் தோமோயே பள்ளிக்குக் கூட்டிப் போகிறார். அங்கே வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள். தலைமையாசிரியர் கோபயாஷி அவளை எதிரில் உட்காரவைத்து, உனக்குச் சொல்லத் தோன்றுவதையெல்லாம் சொல் என்கிறார். நான்கு மணி நேரம் பேசுகிறாள். மனிதர் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வேறு. அவளுடைய பர்ஸ் கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிடும். நீளக் காம்பு வைத்த அகப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே அள்ளிக் குவிப்பாள். அந்தப் பக்கம் வரும் கோபயாஷி என்ன செய்கிறாய் என்று கேட்பார். சொல்வாள். முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். எனக்குத் தெரிந்த எந்தப் பள்ளியாக இருந்தாலும் அதற்குள் அப்பாவுக்குப் போன் போயிருக்கும். இந்தப் பக்கத்தை நான் தோழிகளுக்கு வாசித்துக் காட்டியே மனப்பாடம் ஆகிவிட்டது.

அடுத்து பெர்சி ஜாக்சன். எழுத்துகள் கண்முன் மிதக்கும், ஓர் இடத்தில் உட்கார முடியாது, பள்ளி மாற்றிப் பள்ளி மாற்றிப் போய்க்கொண்டே இருப்பான். அப்புறம்தான் தெரியவரும், அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காகவே அமைந்தது, அந்தத் துறுதுறுப்பு போர்க்களத்துக்கானது என்று. ரிக் ரியோர்டன் இதைத் தன் மகனுக்குப் படுக்கைக் கதையாகத்தான் ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பையனுக்கும் அதே சிக்கல்கள் இருந்தன. முதல் புத்தகம் 2005-ல் வந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் கடவுளின் பிள்ளையாக இருக்கலாம் என்று நம்பவைத்த ஆள் அவர்.

ஆர்.கே. நாராயணின் சுவாமி. மால்குடி கிரிக்கெட் கிளப்புக்கு இங்கிலாந்தின் பெரிய கிளப் மாதிரியே எம்.சி.சி. என்று பெயர் வைக்கிறார்களே, அந்தத் திமிர்! ஆனால் அந்தக் கடைசி அத்தியாயம் இருக்கிறதே. நண்பன் ராஜம் ஊரை விட்டுப் போகிறான். மேட்ச் அன்றைக்கு வராமல் போனதற்காக அவன் சுவாமியோடு பேசுவதில்லை. ரயில் நகர ஆரம்பிக்கும்போது சுவாமி ஒரு புத்தகத்தை ஜன்னல் வழியாகச் சேர்ப்பிக்கிறான். ராஜத்தின் கோபம் தீர்ந்ததா இல்லையா என்று நாராயண் சொல்லவே மாட்டார். 1935-ல் வந்த புத்தகம், எனக்கு நேற்று நடந்ததுபோல வலித்தது.

அப்புறம் உதயசங்கரின் ஆதனின் பொம்மை. கீழடியை வைத்து எழுதியது. தமுக்கம் புத்தகத் திருவிழாவில் வாங்கினேன். கீழடி எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும், அங்கே கிடைத்த பானை ஓட்டில் இருந்த பெயர் ஒரு பையனாக எழுந்து வந்து பேசினால் எப்படி இருக்கும்! ஆனால் அதைப் படித்தபோது எனக்குப் பதினெட்டு வயது. ஐந்து வருஷம் முன்னால் கிடைத்திருக்க வேண்டும்.

இதை எழுதும்போதுதான் கவனித்தேன். பன்னிரண்டு வயது வரை நான் படித்ததில் பாதி தமிழ். இப்போது மறுபடி தமிழ் படிக்கிறேன். நடுவில் பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை படித்த ஒரு புத்தகம்கூடத் தமிழ் இல்லை. தமிழ் வேண்டாம் என்று நினைத்து அப்படிச் செய்யவில்லை. அந்த வயசுக்கு என்று கையில் எதுவும் வரவில்லை. உங்களுக்கெல்லாம் அந்த வயசில் தமிழில் என்ன கிடைத்தது?

சிவகாசிப் பிரியன்:

வாம்மா. உன் பதிவைப் படித்து எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. (அப்படியும் முப்பத்தைந்துக்கு வராது.)

எங்களுக்கு அந்த வயசில் ஒரே பதில்தான்: இரும்புக்கை மாயாவி. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். ஆய்வகத்தில் கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிளக் பாயிண்டை ஏக்கத்தோடு பார்த்த பையன்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று கணக்கெடுக்கத்தான் முடியாது. மூலம் இங்கிலாந்து. ஆனால் எங்களுக்கு அவர் சிவகாசிக்காரர்.

அதற்கு முன்னால் அம்புலிமாமா. வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன் படம் வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல்தான் காலமானார். அந்த ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே நான் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பதின்மூன்று வயதுக்கு மேல் என்றால் தமிழில் காமிக்ஸாக வந்த கேப்டன் டைகர். அழுக்குச் சட்டை, சீட்டாட்டம், மேலதிகாரியோடு சண்டை. நல்லவனா கெட்டவனா என்று யோசிக்கவைத்த முதல் கதாநாயகன் எனக்கு அவன்தான். அதை யாரும் இலக்கியத்தில் சேர்ப்பதில்லை, சேர்க்காவிட்டால் போகட்டும்.

வந்தியத்தேவன் குதிரை:

இல்லை என்று சொல்லாதீர்கள். தமிழில் அந்த வயசுக்கான புத்தகம் 1950-லேயே வந்துவிட்டது. பெயர் பொன்னியின் செல்வன்.

வந்தியத்தேவனைப் பாருங்கள். இளவயசு, சொத்து கிடையாது, ஒரு குதிரையும் இரண்டு ஓலையும் மட்டும். நினைத்ததைப் பேசிவிட்டு மாட்டிக்கொள்வான், பொய் சொல்லித் தப்பிப்பான், பார்க்கிற பெண்ணிடமெல்லாம் அசடு வழிவான். இவனைவிடப் பதின்வயசுக்காரன் யார் இருக்கிறான்? கல்கி பத்திரிகையில் மூன்றரை வருஷம் வந்த தொடர். வாரா வாரம் ஒரு முடிச்சோடு நிறுத்துவார். நான் ஒன்பதாம் வகுப்பு லீவில் ஐந்து பாகத்தையும் முடித்தேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். ஹாரி பாட்டருக்கு நாங்கள் காத்திருக்கவில்லை.

கீழவாசல் வாசகி:

குதிரை அண்ணா, சண்டைக்கு வரவில்லை, எனக்கும் அது பிடிக்கும். அதில் எனக்குப் பதின்வயசாகத் தெரிந்தது வந்தியத்தேவன் இல்லை, பூங்குழலிதான். கோபம் வந்தால் யாருக்கும் பதில் சொல்லாமல் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விடுகிறாள். கோடிக்கரைச் சதுப்பில் ராத்திரி குப்பென்று எரிந்து அணைகிற கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மொட்டைமாடியில் நடந்தேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கதை அவளுடையது இல்லை. பட்டத்துக்கு யார் வருவது, கொன்றது யார், பழுவேட்டரையர் என்ன செய்வார், எல்லாம் பெரியவர்களின் வேலை. அவள் ஓரத்தில் படகு ஓட்டுகிறாள். பூங்குழலியை நடுவில் வைத்து, அவள் கண்ணால் சொன்ன ஒரு முந்நூறு பக்கம் இருந்தால் நான் கேட்கிற புத்தகம் அதுதான்.

சிவகாசி அண்ணா, காமிக்ஸை நான் ஏற்றுக்கொள்கிறேன். கேப்டன் டைகர் எங்கே கிடைக்கும்?

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை:

திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை நான். இந்த வயசுப் பிள்ளைகளோடுதான் நாள் பூராவும் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

சின்ன வகுப்புகளுக்கு இப்போது நிலைமை பரவாயில்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. நாலு வரி, ஒரு படம் என்று தொடங்கி மெல்ல மெல்ல நீளும். தேன்சிட்டு என்ற மாணவர் இதழ் வருகிறது. ஆறாம் வகுப்புப் பையன் அதை வாங்க வரிசையில் நிற்கிறான். அதே பையன் ஒன்பதுக்கு வந்ததும், படம் போட்ட அட்டையைப் பார்த்தாலே "அது சின்னப் பசங்களுது மிஸ்" என்கிறான்.

வாசகி சொல்வதில் ஒன்றை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்த வயசுப் பிள்ளைகளைப் பற்றித் தமிழில் நல்ல கதைகள் இருக்கின்றன. இரா. நடராசனின் ஆயிஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு மாணவி. கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மற்ற ஆசிரியர்களிடம் அடி. அடித்தால் வலிக்காமல் இருக்க ஒரு ரசாயனத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று தவளையில் சோதித்து, பிறகு தன் உடம்பிலேயே சோதித்து உயிரை விடுகிறாள். எழுதப்பட்ட விதம்தான் முக்கியம்: அவளுடைய அறிவியல் ஆசிரியை தன் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரையாக மொத்தக் கதையும் வருகிறது. அதாவது, பேசுவது ஆசிரியை, கேட்பதும் ஆசிரியர்கள்.

நான் ஆயிஷாவை முதலில் படித்தது பி.எட். படிக்கும்போது. டோட்டோ-சானையும் அங்கேதான் கையில் கொடுத்தார்கள். இரண்டையும் படித்துவிட்டு ஆசிரியர்கள் அழுகிறோம், கருத்தரங்கில் பேசுகிறோம். பிள்ளைகள் கையில் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. நம் ஊரில் பதின்வயசுப் பிள்ளையைப் பற்றிய புத்தகத்தைப் பெரியவர்களைத் திருத்துவதற்காகத்தான் எழுதுகிறோம்.

கீழவாசல் வாசகி:

டீச்சர், நான் என்ன கேட்க நினைத்தேனோ அதைச் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். "எங்களைப் பற்றி இருக்கிறது, எங்களுக்கு இல்லை." பெர்சி ஜாக்சனைப் படிக்கும்போது எனக்கு அந்த உணர்வு வரவேயில்லை. ரியோர்டன் என் டீச்சரைப் பார்த்துப் பேசவில்லை, என்னைப் பார்த்துத்தான் கிசுகிசுத்தார்.

யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் இதில் கொஞ்சம் வித்தியாசம் இல்லையா? 2020 பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. தப்பான தொடுதலைப் பற்றிய கதை. ஆனால் அந்தச் சிறுமி தன் மரப்பாச்சியிடம் பேசுகிறாள், பெரியவர்களின் உபதேசம் பொம்மை வாய் வழியாக வந்தாலும் படிக்கிற பிள்ளையின் பக்கம் நின்றுதான் வருகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது சரி. பதினைந்து வயசுக்கு அதே துணிச்சலோடு யார் எழுதுவார்கள்?

யூசுப் பேட்டை கடைக்காரன்:

புத்தகக் கடை வைத்திருக்கிறேன், சின்ன அளவில் பதிப்பிக்கவும் செய்கிறேன். எல்லோரும் எழுத்தாளரைத் திட்டுவதற்குள் என் கடை அலமாரியைப் பார்த்துவிடுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் வலது பக்கம் குழந்தைகள் அலமாரி. அங்கே வாங்குவது அப்பா அம்மா. குழந்தைக்கு எட்டு வயது வரை நன்றாக வாங்குவார்கள், அட்டை கெட்டியா, படம் கலரா என்று தடவிப் பார்ப்பார்கள். இடது பக்கம் நாவல், வரலாறு, கட்டுரை. அங்கே வாங்குவது சம்பளம் வாங்குகிறவர். இடையில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளை வந்து நின்றால் அதன் கையில் காசு இல்லை. அப்பா கையில் காசு இருக்கிறது, ஆனால் அவர் கேட்பது டென்த் கைடு.

ஒரு தடவை பதினாலு வயசுப் பெண்ணை நாயகியாக வைத்து ஒரு நல்ல கையெழுத்துப் பிரதி வந்தது. போட்டேன். எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியவில்லை. குழந்தைகள் பக்கம் வைத்தால் அட்டையைப் பார்த்துவிட்டு "இது பெரிய பிள்ளைங்களுக்கு" என்று திருப்பி வைத்தார்கள். நாவல் பக்கம் வைத்தால் "சிறுவர் கதையா?" என்றார்கள். அலமாரியே இல்லாத புத்தகம் எப்படி விற்கும்?

கிளை நூலகம் (ஓய்வு):

கடைக்காரர் தம்பி சொன்ன அலமாரி விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் பதின்வயசுப் புத்தகம் என்ற வகையே எழுத்தாளர்களால் மட்டும் வந்ததில்லை. நூலகர்கள் அலமாரி போட்டார்கள், பிறகு புத்தகம் வந்து நிறைந்தது. 1940-களில் பால்டிமோர் நகரில் மார்கரெட் எட்வர்ட்ஸ் என்ற நூலகர் குதிரை வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு, பதின்வயசுப் பிள்ளைகள் இருக்கும் தெருக்களுக்கே போனார். அவர்களுக்கென்று தனிப் பிரிவு, தனி ஊழியர். 1957-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தில் அவர்களுக்கான பிரிவே தனியாக வந்தது. 2000-லிருந்து பிரின்ட்ஸ் விருது. பரிசு என்று ஒன்று இருந்தால் பதிப்பாளர் துணிவார்.

நமக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கும் முன்னால், 1931-லேயே, மன்னார்குடியில் மாட்டு வண்டி நூலகம் ஓடியது. கனகசபைப் பிள்ளை என்பவர் ஏற்பாடு செய்தது, தொடங்கிவைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். ஊர் ஊராகப் போனது. வண்டி ஓட்டினோம், வயசுவாரியாகப் பிரித்து வைக்கத்தான் மறந்துவிட்டோம்.

நான் வேலையில் இருந்த காலத்தில் நூலகத்தில் சிறுவர் பகுதி, பொதுப் பகுதி, அவ்வளவுதான். பையனுக்கு மீசை அரும்பியதும் சிறுவர் பகுதியில் உட்கார வெட்கப்படுவான். பொதுப் பகுதிக்கு வந்து செய்தித்தாளைப் புரட்டிவிட்டுப் போய்விடுவான். மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதி கண்ணைப் பறிக்கும். பதினைந்து வயதுக்கென்று ஒரு மூலையை அங்கேயே ஒதுக்கலாம். இடமா இல்லை?

தாம்பரம் அம்மா:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். இங்கிலீஷ் மீடியம் மகன், பதின்மூன்று வயது. இங்கிலீஷில் தடிதடியாகப் படிக்கிறான். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அவன் தமிழ் மட்டத்துக்கு ஏற்ற புத்தகம் கொடுத்தால் கதை பாப்பா கதையாக இருக்கிறது. அவன் வயசுக்கு ஏற்ற கதை கொடுத்தால் தமிழ் கடினமாக இருக்கிறது. என்ன செய்வது?

கீழவாசல் வாசகி:

அக்கா, என் தம்பிக்கும் இதே பிரச்சினை. அவனிடம் எடுபட்டதைச் சொல்கிறேன்.

முதலில் சிவகாசி அண்ணா பேச்சைக் கேளுங்கள்: காமிக்ஸ். லக்கி லுக் தமிழில் வருகிறது. பலூனில் நாலு நாலு வார்த்தைதான், சிரிப்பு வந்துவிட்டால் அவனே அடுத்ததைப் படிப்பான். பாப்பாப் புத்தகம் என்று யாரும் கிண்டல் செய்ய முடியாது, துப்பாக்கி இருக்கிறது.

அடுத்தது, பழைய ரஷ்யப் புத்தகம், அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய அப்பா சிறுவனாக இருந்தபோது. ஒவ்வொரு கதையும் சில பக்கம்தான். அப்பா சின்ன வயசில் என்னவாக ஆக ஆசைப்பட்டார் என்று ஒரு கதை வரும். முதலில் ராக்காவல்காரன். ஊரே தூங்கும்போது தான் மட்டும் விழித்திருக்கலாம் அல்லவா, அதற்காக. அப்புறம் ஐஸ்கிரீம் வண்டிக்காரன், காரணம் சொல்லவே வேண்டாம். ஆசை மாறி மாறி, ஒரு கட்டத்தில் நாயாக ஆகப்போகிறேன் என்று நாலு காலில் ஓடி, பின்னங்காலால் காதைச் சொறியப் பழகுகிறான்! என் தம்பி இதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து முயற்சி செய்தான். வரவில்லை. மொழிபெயர்ப்பு என்றாலும் தமிழ் எளிமையாக இருக்கும், அதே சமயம் கொஞ்சல் நடை இல்லை.

அதற்கு மேல் வந்தால் குட்டி இளவரசன். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராக மொழிபெயர்த்தது. அதை அவன் பதினாறில் மறுபடி படிப்பான், வேறு புத்தகமாக இருக்கும்.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்களுக்கு ஓ.எல். படிக்கிற பதினஞ்சு பதினாறு வயசில கையில கிடைத்தது செங்கை ஆழியான். ஆச்சி பயணம் போகிறாள் படித்து வயிறு நோகச் சிரித்திருக்கிறம். பிறகு வாடைக்காற்று. நெடுந்தீவுக் கரை, மீன்பிடிக்க வந்து வாடி எண்டு குடில் போட்டிருக்கிற ஆட்கள், வாடை தொடங்கினால் வந்து இறங்கிற பறவைகள், அதுக்குள்ள காதலும் பகையும். பெரிய ஆட்களுக்கு எழுதினதுதான். ஆனால் எங்கட வயசுக்காரர் எல்லாரும் அதைத்தான் மாறி மாறி வாசிச்சம். படம்கூட எடுத்தவை.

தங்கச்சி கேட்கிற மாதிரி வயசுக்கெண்டு எழுதித் தந்தவை குறைவு. நாங்கள் வயசுக்கு மேல உள்ளதை எட்டிப் பிடிச்சு வாசிச்சம். அதிலயும் ஒரு ருசி இருந்தது. பதினஞ்சு வயசுக்கெண்டு அளந்து வெட்டித் தந்திருந்தால் நான் வாசிச்சிருப்பனோ தெரியாது.

வந்தியத்தேவன் குதிரை:

பனங்கூடல் சொன்னதற்கு என் ஓட்டு. ஒளித்துவைத்துப் படிப்பதில்தான் வாசிப்பே பிறக்கிறது. "உன் வயசுக்கானது" என்று முத்திரை குத்திக் கொடுத்தால் அதுவும் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

கீழவாசல் வாசகி:

பனங்கூடல் அண்ணா, வாடைக்காற்று பட்டியலில் ஏறிவிட்டது.

ஆனால் எட்டிப் பிடிக்கத் தெரிந்தவர்கள்தான் இப்போது இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். என் வகுப்பில் எட்டாமல் விட்டுவிட்டவர்கள்தான் அதிகம். அவர்கள் வாசிக்காமல் இல்லை. போனில் பிரதிலிபியும் வாட்பேடும் இருக்கின்றன. ராத்திரி ஒரு மணிக்கும் தொடர்கதை ஓடுகிறது. கோபக்கார முதலாளி, கட்டாயக் கல்யாணம், அவன் மனம் மாறுவான். பாதிக் கதைகள் அதுதான். அதைப் படிக்கிறவர்களை நான் கேலி செய்யவே மாட்டேன், நானும் படித்திருக்கிறேன். காலி இடத்தை யாரோ நிரப்பத்தான் செய்வார்கள்.

சிவகாசிப் பிரியன்:

எல்லோரும் ஒருவரை மறந்துவிட்டீர்கள். சுஜாதா. என் இனிய இயந்திரா. விகடனில் தொடராக வந்தபோது எங்கள் வீட்டில் முதலில் யார் படிப்பது என்று அடிதடி. எதிர்கால இந்தியாவில், ஜீவா என்று ஒருவர் ஆளுகிறார், எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான் சட்டம், பிள்ளை பெறவும் அனுமதி வேண்டும். ஜீனோ என்று ஓர் இயந்திர நாய், மனிதர்களைவிட அறிவாகப் பேசும். கணக்குப் படிக்கிற பெண் நீ, படிக்காமல் இருப்பது குற்றம்.

கீழவாசல் வாசகி:

படித்துவிட்டேன்! சனிக்கிழமை ஆரம்பித்தது, ஞாயிறு சாயங்காலம் முடிந்தது. ஜீனோவுக்கு நான் அடிமை. புத்தகம் படிக்கிற நாய், தனக்கு உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று தானே சந்தேகப்படுகிற நாய். நடை அப்படி ஓடுகிறது. எண்பதுகளில் எழுதியது என்று சொன்னால் என் தோழி நம்பவில்லை. இரண்டெழுத்துப் பெயர் விஷயம் பயமாக இருந்தது, என் பெயர் ஐந்தெழுத்து.

ஆனால் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதிலும் எங்களில் ஒருத்தர் இல்லை. நிலா கல்யாணமானவள், காணாமல் போன கணவனைத் தேடுகிறாள். முதல் பாதியில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, நாய்தான் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறது. அந்த வயசுக்குப் பிடிக்கிற எல்லாம் இருக்கிறது: அரசாங்கத்தை எதிர்ப்பது, ரகசியம், வேகம். 2008-ல் ஹங்கர் கேம்ஸில் பதினாறு வயசுக் காட்னிஸ் அதே மாதிரியான ஆட்சியை எதிர்த்து நிற்கிறாள். சுஜாதா இருபது வருஷம் முன்னாலேயே அந்த உலகத்தைக் கட்டிவிட்டார். நிலாவுக்குப் பதினாறு வயசு என்று வைத்திருந்தால் போதும்.

யூசுப் பேட்டை கடைக்காரன்:

விகடன் படித்தவர்கள் குடும்பமாகப் படித்தார்கள் அம்மா. தாத்தா முதல் பேரன் வரை ஒரே பிரதி. தொடர்கதைக்காரர் எல்லோருக்கும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. பதினாறு வயசுக்கு மட்டும் எழுத இடம் கிடையாது. இப்போது அந்த ஒரே பிரதியும் வீட்டுக்கு வருவதில்லை.

கிளை நூலகம் (ஓய்வு):

வாசகிக்கு ஒரு தகவல். தி அவுட்சைடர்ஸ் என்ற நாவலைப் படித்திருப்பாய். எஸ்.இ. ஹின்டன் அதை எழுத ஆரம்பித்தது பதினைந்து வயதில், டல்சா நகரில் பள்ளியில் படிக்கும்போது. 1967-ல் புத்தகமாக வந்தபோது பதினெட்டு. பெண் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். நம் நாட்டில் ரஸ்கின் பாண்டும் முதல் நாவலைப் பதினேழு வயதில்தான் எழுதினார். பெரியவர்கள் எழுதித் தரட்டும் என்று இரண்டு பேரும் காத்திருக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை:

ஐயா சொன்னதைக் கேட்டதும் சொல்லத் தோன்றியது. என் வகுப்பில் மூன்று பெண்கள் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் கதை எழுதுகிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். போன வாரம் ஒருத்தி தானே கொண்டுவந்து காட்டினாள். அக்காவைப் பதினொன்றோடு நிறுத்திக் கல்யாணம் பேசுகிறார்கள். தங்கை அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை விரட்ட என்னவெல்லாம் செய்கிறாள் என்று கதை. காபியில் உப்பு போடுவதில் ஆரம்பித்து, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்வது வரை வந்திருக்கிறது. சந்திப்பிழை ஏகப்பட்டது. ஆனால் நான் சிரித்துச் சிரித்துப் படித்தேன், நடுவில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. உபதேசம் ஒரு வரி கிடையாது. மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மியா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு" என்று மரியாதைக்குச் சொல்கிறார். இதை நான் யோசித்து எழுத முடியாது.

இன்னும் முடிக்கவில்லை. முடிவு என்ன என்று கேட்டால் "நீங்க மிஸ்ஸு, சொல்ல மாட்டேன்" என்கிறாள்.

யூசுப் பேட்டை கடைக்காரன்:

டீச்சர், முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பணம் பெரிதாகத் தர முடியாது, அட்டையில் பொம்மைப் படம் போட மாட்டேன் என்று மட்டும் வாக்குத் தருகிறேன். அந்தப் பெண்ணின் வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும், அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். எழுதியவர் பெயரை மாற்றிப் போடுவது நல்லது என்றும் தோன்றுகிறது.

தாம்பரம் அம்மா:

லக்கி லுக் வாங்கினேன். குதிரைக்கும் பேச்சு வருமா என்று மட்டும் கேட்டான், வேறு எதுவும் சொல்லவில்லை. புத்தகம் இப்போது அவன் ரூமில் இருக்கிறது, அதற்குமேல் நான் கேட்கப்போவதில்லை.

சிவகாசிப் பிரியன்:

குதிரை பேசும் என்று சொல்லுங்கள். கேப்டன் டைகருக்கு இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்.

கீழவாசல் வாசகி:

டீச்சர், நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினால் நான் டைப் அடித்துத் தருகிறேன். சந்திப்பிழையை மட்டும் திருத்துவேன், வேறு ஒரு வார்த்தையும் தொட மாட்டேன். முடிவை எனக்கும் சொல்ல வேண்டாம், அவள் எழுதி வரும்போது பார்த்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் செமஸ்டர் இருக்கிறது, அது முடிந்த அன்றைக்கே ஆரம்பித்துவிடலாம்.